பரஸ்தானம் வைத்த பை

எங்கள் வீட்டில் பயணங்களுக்கு ஓர் உடன்படிக்கை உண்டு. எந்த ஊர் என்பதை நான் முடிவு செய்வேன். எந்த நேரத்தில் கிளம்புவது என்பதை என் மனைவி முடிவு செய்வாள். நான் ஓய்வுபெற்ற பிறகு இருவரும் போய்வந்த பதினான்கு பயணங்களிலும் இந்த அதிகாரப் பிரிவினையை யாரும் மீறியதில்லை. பதினைந்தாவதிலும் மீறவில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். நடந்த குழப்பங்கள் எல்லாம் உடன்படிக்கைக்கு உட்பட்டே நடந்தவை.

அந்தப் பதினான்கில் ஒன்றுகூட உறவினர்கள் கேள்விப்பட்ட ஊர் அல்ல. மாட்டுங்காவில் இருக்கும் என் மைத்துனி சமையல்காரரோடு போகும் பஸ்ஸில் பத்து நாளில் பன்னிரண்டு ஊர் பார்ப்பவள். ஒவ்வொரு முறையும் அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அங்கே போய் என்னத்தைப் பாக்கப் போறேள்?" ஒரே இடத்தில் இருபது நாள் இருந்தால், பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத ஊரிலும் ஐந்தாம் நாளிலிருந்து ஏதோ தென்படத் தொடங்கும் என்பது என் அனுபவம். இதைச் சொன்னால் அவள் தன் அக்காவைப் பரிதாபமாகப் பார்ப்பாள்.

விமானம் கிடையாது. முன்பதிவு செய்த விடுதி கிடையாது. இரண்டும் என் விதிகள். எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துவைப்பது என் பழக்கம். கொங்கணத்தில் ஒரு கழிமுகத் தீவுக்குப் போகத் துறையில் காத்திருந்த நாளின் குறிப்பு இது: "6.10: படகு இருக்கிறது, படகுக்காரர் இல்லை. 8.35: படகுக்காரர் வந்தார், இன்ஜினைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறாராம். 11.20: இன்ஜின் வந்தது, படகுக்காரர் சாப்பிடப் போனார். 2.05: மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தன. தண்ணீர் இல்லை. கழி வற்றிவிட்டது." அன்று துறையிலேயே ஒரு மீனவர் வீட்டுத் திண்ணையில் படுத்து, மறுநாள் ஏற்றத்தில் போய்ச் சேர்ந்தோம். என் மனைவிக்கு அந்தத் தாமதத்தில் ஆச்சரியமே இல்லை. நான் அவசரப்படுத்தியதால் எமகண்டத்தில் வீட்டை விட்டு இறங்கியிருந்தோம்.

இந்தப் பதினைந்தாவது பயணம் மற்றவை மாதிரி அல்ல. லட்சத்தீவுக் கூட்டத்தில் ஒரு சிறிய தீவு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே நினைத்தபோது போய் இறங்க முடியாது. நுழைவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். தனியாகப் போகிறவருக்குத் தீவுக்காரர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். டிராம்பேயில் வேலை பார்த்த காலத்தில் என்னோடு ஒரே பஸ்ஸில் பல வருடம் வந்த ஒருவர் அந்தத் தீவுக்காரர். ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர். "ஒரு தடவை வா" என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், மழைக்காலத்துக்கு முன் வீட்டை விட்டுவிட்டுக் கோழிக்கோட்டில் மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். "ஆனா ஹை தோ அப்கீ பார் ஆ, நஹீ தோ ரெஹ்னே தே" என்றார். வந்தால் இப்போது வா, இல்லாவிட்டால் விட்டுவிடு.

விண்ணப்பம் ஏழு மாதம் அலைந்தது. கடைசியில் முத்திரை விழுந்த அசல் சீட்டு கைக்கு வந்தது. அதில் இருபத்தொரு நாள் எழுதியிருந்தது. எந்தக் கப்பல் என்பதும் எழுதியிருந்தது. கொச்சித் துறைமுகத்தில் அசலைக் காட்ட வேண்டும், நகல் செல்லாது என்று கீழே அடிக்கோடிட்டிருந்தது. அந்தக் கப்பலைத் தவறவிட்டால் மறுபடி ஏழு மாதம். அதற்குள் கையெழுத்துப் போட்டவர் தீவில் இருக்கமாட்டார். அவ்வளவுதான், பதினோரு வருடம் முடிந்தது.

கப்பலைப் பிடிக்க, மாசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை காலை 11.05க்குக் குர்லா டெர்மினஸில் ரயில் ஏற வேண்டும். பயணச்சீட்டை என் மனைவியிடம் காட்டினேன். அவள் பஞ்சாங்கத்தை எடுத்தாள்.

"புதன்கிழமை மத்தியானத்திலேர்ந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் எனக்குச் சந்திராஷ்டமம்."

"ரயில் வெள்ளிக்கிழமைதானே போகும்?"

"ரயிலுக்குச் சந்திராஷ்டமம் இல்லை. எனக்காக்கும்."

"அப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது, பரஸ்தானம் வச்சுட வேண்டியதுதான்."

இளைய தலைமுறைக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் விளக்கிவிடுகிறேன். கிளம்பவேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல வேளையில் நம் பொருள் ஒன்றைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது. பொருள் வாசல் தாண்டிய அந்த நிமிடத்தில் நாம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு நாம் எந்த நாளில் போனாலும், போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டால் போதும். நிபந்தனை ஒன்றுதான். வைத்த பொருள் நம் வீட்டுக்குள் திரும்பி வரக்கூடாது. வந்தால் பயணம் ரத்து. எந்த அரசாங்க அலுவலகத்திலும் இவ்வளவு தெளிவான ஒரு விதியை நான் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அவள் தன் பழைய பழுப்பு நிற ரெக்சின் பையை எடுத்துத் துணிகளை அடுக்கினாள். நாற்பது வருடப் பை. உள்ளே பக்கவாட்டில் ஜிப் போட்ட ஒரு ரகசிய அறை உண்டு. நான் ஒரு காரியம் செய்தேன். அனுமதிச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்த அறைக்குள் வைத்தேன். வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று தோன்றியது. பரஸ்தானம் வைக்கப்போவது அந்தப் பை என்று எனக்குத் தெரியாது. அவள் பஞ்சாங்கம் பேசும்போது நான் காது கொடுப்பதில்லை. ஊரை நான் தேர்ந்தெடுக்கும்போது அவள் காது கொடுப்பதில்லை. இது எழுதப்படாத துணை விதி.

புதன்கிழமை நல்ல நேரம் 9.15 முதல் 10.15 வரை. எங்கள் மாடியில் தெற்குப் பக்கத்து வீட்டு மாமி, மகளின் பிரசவத்துக்காக விக்ரோலி போய்விட்டிருந்தார். வடக்குப் பக்கத்து வீட்டில் தீட்டு. கீழ்வீட்டுக்காரர்கள் பேச்சை ஆரம்பித்தால் பதினொன்றாகிவிடும். மிச்சம் இருந்தது, கட்டடத்தின் தெற்கு மூலையில் தரைத்தளத்தில் இருக்கும் கடை. நடத்துகிறவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியிலிருந்து தினமும் வருவார். செம்பூரில் எங்கள் குடியிருப்பு முழுவதும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நல்ல மனிதர், நம்பிக்கையானவர், தெற்கே இருக்கிறார். மூன்று தகுதிகளும் சரி. ஆனால் அது பை ரிப்பேர் கடை.

9.22க்கு அவள் பையோடு இறங்கிப் போனாள். 9.20 என்று அவள் சொல்கிறாள். நடந்த உரையாடலை இரு தரப்பிலும் பின்னால் விசாரித்துச் சரிபார்த்திருக்கிறேன். அது இவ்வளவுதான்:

"அண்ணாச்சி, இந்தப் பை இங்கே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை காலம்பற எடுத்துக்கறேன்."

"சரி மாமி, வச்சிட்டுப் போங்க."

எதற்காக என்று அவள் சொல்லவில்லை. பரஸ்தானத்தைத் தமுக்கடிக்கக் கூடாது. எதற்காக என்று அவரும் கேட்கவில்லை. முப்பது வருடமாக அந்தக் கடையில் பையை வைக்கும் எல்லோரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை 8.05க்குப் பால் வாங்கிக்கொண்டு வரும்போது கடை திறந்திருந்தது. வழக்கமாக ஒன்பது மணிக்குத் திறப்பவர் அன்று சீக்கிரம் வந்திருந்தார்.

"சார், மாமிகிட்டச் சொல்லிருங்க. பை பத்து மணிக்குக் கரெக்டா வந்துரும்."

"எந்தப் பை?"

"அந்தப் பழுப்புக் கலர் பை. நேத்து காலைலயே தாராவிக்கு அனுப்பிட்டேன்லா. அக்கா கையால தச்சிருக்கு. பாத்தியன்னா அசந்திருவிய."

மேலே போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னது, ரிப்பேருக்கா? என் பரஸ்தானத்தையா?"

"அதுவா உன் பரஸ்தானம்?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு ரகசிய அறை நினைவுக்கு வந்தது. அனுமதிச் சீட்டு அதில் இருக்கிறது என்று சொன்னேன். அவள் காபியைக் கீழே வைத்தாள்.

"என் பரஸ்தானப் பையில் உங்களை யாரு பேப்பரைப் போடச் சொன்னா?"

8.20க்குக் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினோம். இரண்டு பெட்டிகளும் ஹாலிலேயே இருந்தன. பையை வாங்கிக்கொண்டு ஒன்பதரைக்குள் திரும்பிவிடலாம் என்பது திட்டம். அண்ணாச்சி கடையை அரை ஷட்டர் இழுத்துவிட்டு எங்களோடு ஆட்டோவில் ஏறினார். சயான் வரை நல்ல வேகம். அதன் பிறகு சிக்னல் சிக்னலாக நின்றோம். ஆட்டோவை விட்டுவிட்டு அறுபதடி ரோடுவரை நடந்தே போனோம்.

வழி முழுக்க என் மனைவி அண்ணாச்சியிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். அவராகவே பேசிக்கொண்டு வந்தார். "கைப்பிடி ரெண்டும் பிஞ்சிருச்சு மாமி. ஜிப்பு பல்லு போயிருச்சு. அடிப்பலகை தளர்ந்துபோச்சு. இதைக் கொண்டாந்து வச்சிட்டு ஒண்ணுமே சொல்லாமப் போறாங்களே, நம்ம மேல எவ்வளவு நம்பிக்கைன்னு நெனச்சேன்."

பட்டறை ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. ஏறுவதற்கு இரும்பு ஏணி. ஏணியை நான் இரண்டு தடவை யோசித்தேன். என் மனைவி புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஏறிவிட்டாள். மேலே, ரெக்சின் சுருள்களுக்கும் பசை வாடைக்கும் நடுவே, தையல் மெஷினுக்குப் பின்னால் அண்ணாச்சியின் அக்கா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"வாங்க மாமி. நானே கொடுத்து விட்டிருப்பேன்லா. இந்தா, ரெடி."

பை புத்தம் புதிதாக இருந்தது. அதே பழுப்பு, அதே வடிவம், பக்கவாட்டில் அதே ஜிப் அறை. என் மனைவி அதைத் தொடக்கூட இல்லை.

"பழசு எங்கே?"

"அந்தா."

பழைய பை தரையில் பதினோரு துண்டுகளாகக் கிடந்தது. ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் எண் போட்டிருந்தது.

"பிரிச்சுட்டேளா!"

"பிரிக்காம மாதிரி எப்படி எடுக்க, மாமி? இந்த ஷேப்பு இப்பம் எவனும் தைக்கது கிடையாது. இத வச்சு இன்னும் நூறு பை தைப்பேன். பழசுக்கும் புதுசுக்கும் ஒரு தையல் வித்தியாசம் காட்டுங்க, நான் மெஷினை வித்துட்டு ஊருக்குப் போயிருதேன்."

"உள்ளே இருந்தது?" என்று நான் கேட்டேன். அக்கா சுவரைக் காட்டினார்.

சுவரில் ஓர் ஆணியில் அரிசிச் சாக்கு ஒன்று தொங்கியது. அதைக் கவிழ்த்தேன். துணிகள், துண்டு, ஒரு விரலி மஞ்சள், கைக்குட்டையில் முடிந்த ஒரு பிடி அரிசி. கடைசியாக உறையோடு அனுமதிச் சீட்டு விழுந்தது. மூலையில் ஒரு சொட்டுப் பசை. முத்திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. நேரம் 9.04. என்னைப் பொறுத்தவரை பிரச்சினை அந்த நிமிடத்தில் தீர்ந்துவிட்டது.

என் மனைவியைப் பொறுத்தவரை அப்போதுதான் தொடங்கியது. அவள் ஒரு ரெக்சின் சுருள்மேல் உட்கார்ந்து, முதல் தடவையாக, அது எதற்கு வைத்த பை என்று சொன்னாள்.

அக்கா மெஷினை நிறுத்தினார். தம்பியைப் பார்த்தார்.

"ஏலே, அறிவிருக்கா? பரஸ்தானப் பையத் தூக்கியா எங்கிட்ட அனுப்பின? நம்ம அம்மை ஊருக்குப் போகதுக்கு முந்தி சீப்பக் கொண்டுபோயி அடுத்த வீட்டுல வைக்கும்லா, மறந்துபோச்சா?"

"யக்கா, அது சீப்பு. இது பை. பையக் கொண்டாந்து பைக்கடையில வச்சா நான் என்னன்னு நெனைக்க?"

அண்ணாச்சியின் கேள்வி நியாயமானது என்பதைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். அன்று அதை அங்கே சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

பிறகு நடந்தது ஒரு விசாரணை. பையே இல்லாமல் போன பிறகு பரஸ்தானம் செல்லுமா என்பது முதல் கேள்வி.

"மாமி, நடுவழியில பஸ்ஸு கெட்டுப்போனா வேற பஸ்ஸுல ஏத்திவிடுதான்லா? அதுக்காக வீட்டுக்குப் போயி மறுபடியுமா கெளம்புதிய? உள்ள இருந்த சாமானம் அப்படியே இருக்கு. பஸ்ஸு மாறிருக்கு, அவ்வளவுதான்" என்றார் அக்கா.

என் மனைவி யோசித்துவிட்டுத் தலையை அசைத்தாள். ஆனால் இரண்டாவது கேள்வி பெரியது. "தெற்கே போகவேண்டிய பை மேற்கே வந்திருக்கே? வெள்ளிக்கிழமை மேற்கே சூலமாக்கும்."

"பை எங்க மாமி வெள்ளிக்கிழமை வந்துச்சு? அது நேத்து வியாழக்கிழமையே வந்துட்டு. வியாழன் தெக்கதான் சூலம். நேத்து அது தம்பி கடையில இருந்து தெக்க போயிருந்தால்லா தப்பு? மேக்க வந்தது நல்லதுதான்."

நாற்பத்திரண்டு வருடத் திருமண வாழ்க்கையில், பஞ்சாங்க விஷயத்தில் என் மனைவியை ஒருவர் வாதத்தில் மடக்கி நான் பார்த்தது அதுவே முதல் தடவை. அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த இன்னொருவரைக் கண்டுபிடித்தது போல முகம் மலர்ந்தது.

"ஆனா நாங்க ரெண்டு பேரும் இன்னிக்கு மேற்கே வந்துட்டோமே?"

"அதுக்கு வெல்லந்தான பரிகாரம்? வெல்லம் இல்ல, ஊர்லேர்ந்து வந்த கருப்பட்டி இருக்கு."

"கருப்பட்டி வெல்லத்தில் சேருமோ?"

"மாமி, வெல்லத்துக்கு அதுதான் மூத்தது. கூசாம வாயில போடுங்க."

இருவரும் ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டுக்கொண்டோம். 9.21. ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நாற்பத்துநாலு நிமிடம். நான் எழுந்து நின்று, பெட்டிகள் செம்பூரில் இருக்கின்றன என்று மெதுவாக நினைவூட்டினேன்.

"அதெப்படி? நான் பரஸ்தானத்தை எடுத்துண்டுட்டேனே. இதோட எப்படி ஆத்துக்குத் திரும்பிப் போறது?"

"இதை இங்கேயே வச்சுட்டுப் போலாமே?"

"கிளம்பினவா திரும்பலாமோ?"

அக்கா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "மாமிதான் புதன்கிழமையே கெளம்பிட்டாவ. சாரு இன்னும் கெளம்பலைல்லா? சாரு போயி பெட்டிய எடுத்துட்டு நேரா டேசனுக்கு வரட்டும். மாமிய தம்பி கொண்டாந்து விடுவான்."

நான் படித்த எந்தப் பயணப் புத்தகத்திலும், ஒரே பயணத்தில் கணவனுக்கு முன் மனைவி இரண்டு நாள் கிளம்பிவிட்ட செய்தி இல்லை. ஆனால் இதில் குறை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. "ராகுகாலம் பத்தரைக்கு. அதுக்குள்ளே ஆத்தை விட்டு இறங்கிடுங்கோ" என்று என் மனைவி சொல்லி அனுப்பினாள்.

டாக்சி கிடைத்தது. சயானில் எட்டு நிமிடம் நின்றது. 10.07க்கு எங்கள் வீட்டு வாசலில் நின்றேன். மேல்சட்டைப் பையைத் தொட்டேன். கால்சட்டைப் பையைத் தொட்டேன். கதவைப் பார்த்தேன். சாவி என் மனைவியின் கைப்பையில் இருந்தது. பூட்டியது அவள்.

பயணத்துக்கான என் பட்டியலில் "வீட்டுச் சாவி: யாரிடம்?" என்று ஒரு வரி உண்டு. அறுபத்துமூன்றாவது வரி. அந்தப் பட்டியல் கதவுக்கு உள்ளே, பெரிய பெட்டியின் மேல், காகித எடையின் கீழ் இருந்தது. உள்ளே ஹாலில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. திரும்பி வருவோம் என்று போட்டுவிட்டுப் போயிருந்தோம்.

தாராவியிலிருந்து சாவி வருவதற்கு நாற்பது நிமிடம். அதன் பிறகு குர்லா போனால் ரயிலின் கடைசிப் பெட்டியைப் பார்த்து வணக்கம் சொல்லலாம். பெட்டிகளுக்குள் என்னென்ன இருந்தன என்று எனக்கு மனப்பாடம். கொசுவலை, பறவைகள் பற்றிய இரண்டு புத்தகங்கள், அந்தத் தீவுக் கூட்டத்தின் கடல் ஏற்ற இறக்க அட்டவணை, நான்கு நோட்டுகள், ஆறு பேனாக்கள், மருந்துகள், பதினொரு ஜதை துணி, புளிக்காய்ச்சல் ஒரு சம்புடம். மூன்று மாதம் யோசித்து யோசித்துச் சேர்த்தவை. அனுமதிச் சீட்டும் ரயில் சீட்டும் மட்டும் என் சட்டைப்பையில் இருந்தன.

போன் அடித்தது.

"இறங்கியாச்சா?"

"சாவி உன்கிட்டேன்னா இருக்கு!"

மறுமுனையில் கைப்பை ஜிப் திறக்கும் சத்தம்.

"ஏன்னா, உள்ளே போகலையே?"

"பூட்டின கதவுக்குள்ளே எப்படிப் போறது?"

"தள்ளிப் பாத்தேளா?"

"பாத்தேன்."

"தொறந்துதா?"

"இல்லை."

"கால் எங்கே இருக்கு?"

"மிதியடி மேலே."

"மிதியடி வெளியிலதானே? அப்போ தோஷமில்லை." அவள் குரலில் இருந்த நிம்மதியை நான் எதிர்பார்க்கவில்லை. "இப்போத்தான் புதுப் பையில் அடுக்கறச்சே பாத்தேன். உங்க வேஷ்டி ரெண்டும் ஒரு சட்டையும் இதுல வச்சிருக்கேன். மறந்தே போச்சு. நீங்களும் புதன்கிழமையே கிளம்பியாச்சாக்கும். உங்களை அனுப்பினதே தப்பு. இந்த அக்கா சொல்றா, பகவான்தான் சாவியை என்கிட்டே வச்சார்னு."

"அப்போ பெட்டி?"

"பெட்டி கிளம்பலை. அது அங்கேயே இருக்கட்டும்."

நான் மிதியடியின் மேல் நின்று முப்பது விநாடிகள் யோசித்தேன். அவ்வளவுதான் யோசித்தேன் என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் பெருமை உண்டு. எதுவும் இல்லாமல் இருபத்தொரு நாள் அந்தத் தீவில் இருக்கலாம். எல்லாவற்றோடும் செம்பூரில் எந்நாளும் இருக்கலாம். 10.14க்குப் படி இறங்கினேன். ராகுகாலத்துக்குப் பதினாறு நிமிடம் மிச்சம்.

குர்லா டெர்மினஸில் 10.46க்கு அவர்களைப் பார்த்தேன். புதுப் பையை அண்ணாச்சி தோளில் மாட்டிக்கொண்டு, யாரும் இடித்துவிடாமல் அணைத்துப் பிடித்தபடி நின்றார். என் மனைவி அவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, பாலைக் கொட்டிவிடச் சொன்னாள்.

"மாமி, ஒரு தடவை தெளிவாச் சொல்லிருங்க. உள்ள ரெண்டு பெட்டி இருக்கும்லா? அதையும் ரிப்பேர் பாக்கணுமா, வேண்டாமா?"

"தொடாதேங்கோ!" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

ரயில் 11.09க்குக் கிளம்பியது. கொங்கணத்தைத் தாண்டுவதற்குள் எதிர் சீட்டுக்காரர்கள் மூன்று பேர், "சாமானெல்லாம் எங்கே?" என்று கேட்டுவிட்டார்கள். கொச்சிக்கு ரயில் நாலு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. துறைமுகத்துக்கு ஓடுகிற வழியில் இரண்டு பல்துலக்கும் பிரஷ்ஷும், பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சிட்ட ஒரு பள்ளிக்கூட நோட்டும் மட்டுமே வாங்க முடிந்தது. இதன் முதல் குறிப்புகளை அதிலிருந்துதான் எடுத்து எழுதுகிறேன்.

துறைமுக அதிகாரி அனுமதிச் சீட்டை வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பசை ஒட்டிய மூலையை விரலால் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார். பசை வாடையும் கருப்பட்டி வாடையும் கலந்து அடித்திருக்கும். பிறகு இருபத்தொரு நாள் என்ற எண்ணையும் எங்கள் ஒற்றைப் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாக்கி லக்கேஜ் எவிடே?"

பாலக்காட்டுக்காரி என்பதால் என் மனைவிக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. "இத்ரயே உள்ளூ", இவ்வளவுதான் என்றாள், அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்கிற தொனியில். அவர் முத்திரை குத்தினார்.

மறுநாள் காலை தீவில் இறங்கினோம். நண்பர் மனைவியிடம் சோப்பு வாங்கி, ரயிலிலும் கப்பலிலும் போட்டிருந்த துணிகளை என் மனைவி துவைத்தாள். பையில் இருந்த என் மாற்றுச் சட்டை, கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவிட்ட படகிலிருந்து இறங்கும்போது அலையில் நனைந்திருந்தது. அதையும் அலசிப் போட்டாள். ஆக, என் இரண்டு சட்டைகளும் இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டிய கயிற்றில் தொங்கின. தீவில் ஒரே ஒரு துணிக்கடை. என் அளவுக்குச் சட்டை அடுத்த கப்பலில் வரும் என்றார்கள்.

வேஷ்டியும் துண்டுமாகக் கயிற்றுக்குக் கீழே உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் பதினான்கு பயணங்களிலும் முதல் நாள் காலை, அன்றைக்குப் பார்க்கவேண்டியவை என்று ஒரு பக்கம் தயாராக இருக்கும். மெதுவாகப் பயணம் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே அதை நான் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டு வருவேன். அந்தப் பக்கம் இப்போது செம்பூரில் காகித எடையின் கீழ் இருந்தது. எதிரே காயல் பச்சையாக இருந்தது. கொஞ்சம் கழித்து வேறொரு பச்சையாக இருந்தது.

பதினொன்றரை மணிக்கு நண்பர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "சலோ பாய், லைட்ஹவுஸ் தேக்னே கா? பாரா பஜே பந்த் ஹோ ஜாயேகா." கலங்கரை விளக்கம் பார்க்கக் கூப்பிட்டார், பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்களாம்.

நான் எழுந்து சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். கைப்பக்கம் காய்ந்திருந்தது, காலர் காயவில்லை.

"உக்காருங்கோ. ஈரத்தோட போட்டுண்டு எங்கேயும் போக வேண்டாம்" என்றாள் என் மனைவி. பிறகு நண்பரிடம் திரும்பி, மலையாளத்தில், "நாளைக்கு வரோம். இல்லைன்னா நாளன்னிக்கு" என்றாள்.

நண்பர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தார்.